ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவருடன் வாழ்கிறீர்களா? கணவன் மனைவியர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் கணவருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருப்பது அவருடைய 63-ஆவது வயதில் தெரியவந்தது. இப்போது அவருக்கு 67. அஞ்சல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் முன்பே உண்டு. இந்த நான்கு ஆண்டுகளில் மருத்துவமனை வராந்தாவில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்டவை, நான் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவை எல்லாவற்றையும் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்பதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த மாத்திரை வீட்டுக்கு வந்த பிறகு நடப்பதெல்லாம் நம் பொறுப்பு. மனைவிக்கு நோய் இருந்து கணவர் பார்த்துக்கொள்ளும் வீடுகளுக்கும் இது அப்படியே பொருந்தும்.

இது என்ன நோய்? எளிமையாகச் சொல்ல முடியுமா?

இதயத்தில் மேலே இரண்டு அறைகள், கீழே இரண்டு அறைகள். வலது மேலறையில் இருக்கும் ஒரு சிறு கணு, 'துடி' என்று மின்சாரக் கட்டளை கொடுக்கிறது. ஓய்வாக இருக்கும்போது நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை. இந்த நோயில் அந்தக் கணுவின் பேச்சு எடுபடுவதில்லை. மேலறைகளில் பல இடங்களில் இருந்து நிமிடத்திற்கு 350, 400, சில சமயம் 600 என்று கட்டளைகள் கிளம்புகின்றன. அத்தனை வேகத்தில் எந்தத் தசையும் சுருங்கி விரிய முடியாது, வெறுமனே நடுங்குகிறது. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் ஒரு காவல் கணு இருப்பதால் எல்லாக் கட்டளைகளும் கீழே இறங்குவதில்லை. தப்பித்து இறங்குபவை தாறுமாறாக இறங்குகின்றன. அதனால்தான் நாடி வேகமாகவும் ஒழுங்கில்லாமலும் அடிக்கிறது.

முதல் தடவை வந்த இரவை என்னால் மறக்க முடியாது. இரண்டரை மணி இருக்கும். "நெஞ்சுக்குள் ஏதோ புரள்கிறது" என்று எழுந்து உட்கார்ந்தார். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். மழை விட்ட பிறகு ஓட்டு வீட்டு இறவாணத்தில் நீர் சொட்டுமே, அப்படி இருந்தது. மூன்று சொட்டு அடுத்தடுத்து விழும்; ஒரு நொடி ஒன்றுமே இருக்காது; பிறகு இரண்டு; மறுபடியும் இடைவெளி. அந்த இடைவெளியில் என் இதயமும் நின்றுவிட்டது போல் இருந்தது. விடிந்ததும் எடுத்த ஈசிஜியில்தான் பெயர் தெரிந்தது.

இது மாரடைப்பா?

இல்லை. இதயத்திற்கு ரத்தம் கொண்டு போகும் குழாய் அடைபடுவதுதான் மாரடைப்பு. இது மின்சாரக் கோளாறு. எங்கள் உறவில் இன்றும் சிலர் "அவருக்கு அட்டாக் வந்ததே" என்று சொல்கிறார்கள். நான் ஒவ்வொரு முறையும் திருத்துகிறேன், ஏனென்றால் அவசரத்தில் ஒரு புதிய மருத்துவரிடம் யாராவது அப்படிச் சொல்லிவிட்டால் சிகிச்சையே திசை மாறக்கூடும்.

பிறகு ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறார்கள்?

பக்கவாதத்திற்காக. மேலறை சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருந்தால் உள்ளே இருக்கும் ரத்தம் தேங்குகிறது. இடது மேலறையில் ஒரு சிறு பை போன்ற பகுதி இருக்கிறது. வால்வு நோய் இல்லாதவர்களுக்கு உருவாகும் ரத்தக்கட்டிகளில் பத்தில் ஒன்பது அங்கேதான் உருவாகின்றன. அந்தக் கட்டி பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த நோய் இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் அந்த ஆபத்து சுமார் ஐந்து மடங்கு.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஓராண்டு ஆனது. அதுவரை நான் அவருடைய படபடப்பைத்தான் காவல் காத்துக்கொண்டிருந்தேன். ராத்திரி எழுந்து எழுந்து நாடி பார்ப்பேன். மாத்திரை வேளை தவறுவதைப் பெரிதாக நினைக்கவில்லை. அது தலைகீழான கவலை. படபடப்பு பெரும்பாலும் தானே அடங்கிவிடும், அல்லது மருந்தில் அடங்கும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை தவறுகிற நாள்தான் உண்மையில் ஆபத்தான நாள். மனைவியோ கணவரோ ஒரே ஒரு வேலையைத்தான் செய்ய முடியும் என்றால், அந்த மாத்திரை வேளை தவறாமல் பார்த்துக்கொள்வதையே செய்யுங்கள்.

அவருக்குப் படபடப்பே இல்லை. மாதத்தில் ஒருநாள்தான் வருகிறது. அப்படியும் தினமும் மாத்திரை தேவையா?

படபடப்பு தெரியாமலே இந்த நோய் இருப்பவர்கள் நிறையப் பேர். சிலருக்குப் பக்கவாதம் வந்த பிறகுதான் இது இருந்ததே தெரிகிறது. விட்டு விட்டு வந்து ஏழு நாளுக்குள் அடங்குவது ஒரு வகை, ஏழு நாளைத் தாண்டி நீடிப்பது இன்னொரு வகை, நிரந்தரமாகவே தங்கிவிடுவது மூன்றாவது. எந்த வகையாக இருந்தாலும், மாத்திரை தேவையா என்பதை எத்தனை முறை படபடத்தது என்று வைத்து முடிவு செய்வதில்லை. அதற்கு ஒரு மதிப்பெண் கணக்கு இருக்கிறது: இதயச் செயலிழப்பு 1, உயர் ரத்த அழுத்தம் 1, சர்க்கரை 1, ரத்தக்குழாய் நோய் 1, வயது 65 முதல் 74 வரை 1, 75 அல்லது அதற்கு மேல் என்றால் 2, முன்பே பக்கவாதம் வந்திருந்தால் 2. பெண்ணாக இருந்தால் ஒரு மதிப்பெண் கூட்டும் வழக்கம் இருந்தது. 2024-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதலில் அதை எடுத்துவிட்டார்கள். கூட்டுத்தொகை 2 அல்லது அதற்கு மேல் என்றால் பொதுவாக மாத்திரை வேண்டும் என்பார்கள். என் கணவர் 2-இல் தொடங்கினார். 65-ஆவது பிறந்தநாளுக்குப் பாயசம் வைத்த அன்று 3 ஆனது.

"அடங்கிவிட்டதே, இனி எதற்கு?" என்று தாமாகவே மாத்திரையை நிறுத்துகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து உங்கள் வீட்டில் அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளில் என்னென்ன உண்டு?

இரண்டு குடும்பங்கள். பழைய குடும்பத்தில் வார்ஃபரின், நம் ஊரில் அதிகம் எழுதப்படும் அசினோகூமரால். இவற்றுக்கு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனை தவறாமல் வேண்டும். பெரும்பாலோருக்கு அது 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்தால் கட்டி, கூடினால் ரத்தக் கசிவு. புதிய குடும்பத்தில் அபிக்ஸபான், ரிவராக்ஸபான், டாபிகாட்ரான், எடாக்ஸபான். இவற்றுக்கு ஐஎன்ஆர் தேவையில்லை; ஆனால் சிறுநீரகப் பரிசோதனை அவ்வப்போது வேண்டும், ஏனென்றால் அளவை அதைப் பார்த்துத்தான் தீர்மானிப்பார்கள். ரிவராக்ஸபான் 15, 20 மில்லிகிராம் மாத்திரைகளை வெறும் வயிற்றில் போடக்கூடாது. சாப்பாட்டோடு போட்டால்தான் முழுதாக உடலில் சேரும். டாபிகாட்ரான் குளிகையைப் பிரித்துக் கொட்டிக் கொடுக்கக்கூடாது.

"புதிய மாத்திரைதான் நல்லதாமே, மாற்றிவிடலாமா?" என்று ஒரு பெண் கேட்டார். அவர் கணவருக்குச் சிறுவயதில் வந்த மூட்டுவாதக் காய்ச்சலால் வால்வு சுருங்கியிருந்தது. அப்படிப்பட்டவர்களுக்குப் பழைய மாத்திரையே மேல் என்று 2022-இல் வெளியான இன்விக்டஸ் என்ற பெரிய ஆய்வு காட்டியது. செயற்கை உலோக வால்வு வைத்தவர்களுக்கும் பழைய மாத்திரைதான். பக்கத்து வீட்டுக்காரர் போடுவது உங்கள் வீட்டுக்காரருக்குப் பொருந்தும் என்று நினைக்காதீர்கள்.

என் கணவர் முதல் ஓராண்டு அசினோகூமரால் போட்டார். பிறகு அபிக்ஸபானுக்கு மாற்றினார்கள். காலை ஒன்று, இரவு ஒன்று. இந்திய நிறுவனங்களும் இவற்றைத் தயாரிக்கத் தொடங்கிய பிறகு விலை இறங்கியிருக்கிறது. மக்கள் மருந்தகத்தில் உங்கள் மாத்திரை கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். வாங்கும் இடம் மாறும்போது பெட்டியின் மேல் உள்ள மூலப்பெயரும் மில்லிகிராமும் அதேதானா என்று ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள்.

கீரையே கொடுக்கக்கூடாதாமே?

இந்தக் கேள்விக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். வார்ஃபரின், அசினோகூமரால் போடுகிறவர்களுக்கு மட்டும் கீரை ஒரு விஷயம். கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மாத்திரைகளின் வேலைக்கு எதிராக நிற்கிறது. முருங்கைக்கீரையில் அது அதிகம். ஆனால் அறவே நிறுத்தச் சொல்லவில்லை. ஒரே அளவாகக் கொடுக்கச் சொல்கிறார்கள். வாரம் இரண்டு நாள் ஒரு கரண்டி கீரை என்றால் எல்லா வாரமும் அப்படியே இருக்கட்டும். ஒரு மாதம் கீரையே இல்லாமல் இருந்துவிட்டு, முருங்கை தழைத்துவிட்டது என்று தினமும் பொரியல், அடை, சாம்பார் என்று போட்டால் ஐஎன்ஆர் சரிந்துவிடும். முதல் ஆண்டில் நான் செய்தது அதற்கு நேர் எதிரான தவறு. பயந்துபோய் எல்லாப் பச்சைக் காய்களையும் நிறுத்தினேன். ஐஎன்ஆர் 4-ஐத் தாண்டியது, பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. மருத்துவர், "அம்மா, நீங்கள் எப்போதும் சமைப்பது போலவே சமையுங்கள். மாத்திரையின் அளவை நான் உங்கள் சமையலுக்கு ஏற்றாற்போல் வைத்துக்கொள்கிறேன்" என்றார். அன்றைக்குத்தான் என் சமையலறைக்கு உயிர் வந்தது.

புதிய மாத்திரைகளுக்கு இந்தக் கீரைக் கட்டுப்பாடு கிடையாது.

மாத்திரை போட்டாரா இல்லையா என்று தினமும் சண்டை வருகிறது. என்ன செய்யலாம்?

எங்கள் வீட்டிலும் வந்தது. "போட்டீர்களா?" என்று நான் கேட்பேன். "நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. நாற்பது ஆண்டுகள் பிறருடைய மணியார்டரைக் காசு பிசகாமல் எண்ணிக் கொடுத்தவர்.

இப்போது நாங்கள் தினசரிக் காலண்டரை வைத்துச் சமாளிக்கிறோம். எல்லா வீடுகளிலும் காலையில் எழுந்ததும் தாளைக் கிழிப்பார்கள். நாங்கள் இரவில் கிழிக்கிறோம். காலை மாத்திரை போட்டதும் அன்றைய தாளின் மூலையை அவர் மடித்துவிடுவார். இரவு மாத்திரை போட்ட பிறகுதான் தாளைக் கிழிப்பார். மூலை மடியாமல் இருந்தால் காலையில் போடவில்லை. மறுநாள் காலையிலும் பழைய தேதியே தொங்கினால் இரவில் போடவில்லை. நான் கேட்க வேண்டியதே இல்லை, சுவரைப் பார்த்தால் போதும். யோசனை அவருடையது, அதனால்தான் இத்தனை காலமாக நிலைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஒருவேளை தவறிவிட்டால்: புதிய மாத்திரைகளில், நாளுக்கு இருமுறை போடுபவை என்றால் ஆறு மணி நேரத்திற்குள் நினைவு வந்தால் போடலாம், நாளுக்கு ஒருமுறை என்றால் பன்னிரண்டு மணி நேரத்திற்குள். அதைத் தாண்டிவிட்டால் அந்த வேளையை விட்டுவிட்டு அடுத்த வேளையில் வழக்கம்போல் போட வேண்டும். பழைய மாத்திரை என்றால் அன்றைக்குள் நினைவு வந்தால் போடலாம். தவறியதற்குச் சேர்த்து இரண்டாகப் போடுவது மட்டும் எந்த மாத்திரையிலும் கூடாது. புதிய மாத்திரைகளின் வேலை ஒரு நாளிலேயே தேய்ந்துவிடும் என்பதால், பெட்டி தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்ததை வாங்கி வையுங்கள்.

மூட்டுவலிக்கு, காய்ச்சலுக்கு என்ன கொடுக்கலாம்?

பாரசிட்டமால், சொன்ன அளவில். டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபன் போன்ற வலி மாத்திரைகள் ரத்தக் கசிவைக் கூட்டும்; இதயத்திற்கும் சிறுநீரகத்திற்கும் கூட நல்லதல்ல. ஆஸ்பிரினும் மருத்துவர் சொல்லாமல் சேரக்கூடாது.

இரண்டாம் ஆண்டு கார்த்திகை மாதம் நான் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், முழங்கால் வலி என்று அவர் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் இடுப்பில் ஊசி போட்டுக்கொண்டு வந்துவிட்டார். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அங்கே கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. மறுநாள் ஊசி போட்ட இடத்தில் உள்ளங்கை அகலத்திற்குக் கருநீலமாகக் கன்றியிருந்தது. மூன்றாம் நாள் அது தொடை வரை இறங்கியது. நல்லவேளை, அதோடு போயிற்று. அதன்பிறகு அவருடைய சட்டைப்பையில், ஆதார் அட்டையோடு ஒரு சிறு அட்டை இருக்கிறது: பெயர், நோயின் பெயர், மாத்திரையின் பெயர், அளவு, என் கைப்பேசி எண். பல் மருத்துவர், கண் மருத்துவர், தெருமுனை மருந்துக்கடை என்று எங்கே போனாலும் முதலில் அந்த அட்டையை நீட்டுகிறார். பல் பிடுங்க வேண்டும் என்றால் மாத்திரையை நிறுத்த வேண்டுமா, எத்தனை வேளை என்பதை இதய மருத்துவரும் பல் மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும், நாமாக நிறுத்தக்கூடாது. நாட்டு மருந்து, லேகியம், சூரணம் எதுவானாலும் மருத்துவரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள்.

வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

நாடியும் ரத்த அழுத்தமும். பத்து நிமிடம் உட்கார வைத்துவிட்டு நாடியை எண்ணுங்கள். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கும் வழக்கம் இங்கே உதவாது, ஏனென்றால் துடிப்பு ஒழுங்காக இருக்காது. முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். மின்சார ரத்த அழுத்தக் கருவி இந்த நோயில் ஒருமுறை 150 காட்டும், அடுத்த நிமிடம் 128 காட்டும். கருவி கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். மூன்று முறை எடுத்துச் சராசரி எழுதுங்கள். வாரம் இரண்டு நாள் போதும். மணிக்கு ஒருமுறை கையைப் பிடித்தால் அவருக்கும் நிம்மதி போகும், உங்களுக்கும் போகும்.

படபடப்பு வரும்போது அந்த நேரத்தில் நான் என்ன செய்வது?

உட்கார வையுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். நாடியை எண்ணி எழுதுங்கள். வேகத்தைக் குறைக்க மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, இப்படிப்பட்ட நேரத்தில் போடச் சொல்லியிருந்தால் அதைக் கொடுங்கள். பலமாக இருமச் சொல்லும் கைப்பேசிச் செய்திகள் உலவுகின்றன. இருமினால் இது நிற்காது.

"எந்த எண்ணிக்கையைத் தாண்டினால் நாங்கள் வர வேண்டும்?" என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கி வையுங்கள். எங்களுக்கு, ஓய்வில் இருக்கும்போதும் 120-க்கு மேல் அரை மணி நேரம் நின்றால் வரச் சொன்னார்கள். அந்த ஒரு வரி கையில் வந்த பிறகு, ராத்திரி இரண்டு மணிக்கு 'போகலாமா வேண்டாமா' என்ற தவிப்பு போய்விட்டது.

எப்போது கொஞ்சமும் யோசிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்?

வாய் ஒருபக்கம் கோணினால், ஒரு கை அல்லது கால் மரத்துப்போனால் அல்லது தூக்க முடியாமல் போனால், பேச்சு குழறினால், சொல்வது புரியாமல் விழித்தால், ஒரு கண் பார்வை திடீரென மறைந்தால். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தை மனதில் பதியுங்கள். மருத்துவமனையில் முதலில் கேட்பது அதுதான். கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. உறைதல் தடுப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த ஊசியைப் போடலாமா கூடாதா என்பது கடைசி மாத்திரை எப்போது போட்டார் என்பதைப் பொறுத்தது. அதனால் அதையும் சொல்லுங்கள். சி.டி. ஸ்கேன் இருக்கும் மருத்துவமனையாக இருக்க வேண்டும். வாயில் எதையும் கொடுக்காதீர்கள், ஆஸ்பிரின் உட்பட. சில நிமிடங்களில் தானே சரியாகிவிட்டாலும் போயே ஆக வேண்டும். அது பெரிய பக்கவாதத்திற்கு முந்திய எச்சரிக்கையாக இருக்கலாம்.

நெஞ்சு வலி, மயக்கம், படுக்க முடியாத மூச்சுத்திணறல், வாந்தியில் ரத்தம், தார் போன்ற கறுப்பு மலம், இதுவரை வராத கடும் தலைவலி இவற்றுக்கும் அதே அவசரம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், பீட்ரூட் சாப்பிட்டால் சிவக்கும். அதையும் மனதில் வையுங்கள்.

கீழே விழுந்துவிட்டால்?

தலையில் அடிபட்டால், வெளியே ஒரு கீறல்கூட இல்லாவிட்டாலும், அவர் "ஒன்றுமில்லை" என்று சொன்னாலும், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உள்ளே மெல்லக் கசிந்து பல மணி நேரம் கழித்துத் தெரியலாம். குளியலறையில் வழுக்காத மிதியடி போடுங்கள், ராத்திரி விளக்கு ஒன்று எரியட்டும். மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து வைக்காமல் முன்னால் சாய்த்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்துப் பதினைந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நிற்காவிட்டால் கிளம்புங்கள்.

ஷாக் கொடுக்கலாம், அப்லேஷன் செய்யலாம் என்கிறார்கள். சம்மதிக்கலாமா?

சம்மதம் உங்கள் துணைவருடையது. நீங்கள் கேள்வி கேட்கலாம். மின் அதிர்ச்சி என்பது சில நிமிட மயக்கத்தில் கொடுத்து, தாளத்தை மீட்பது. அதற்கு முன் மூன்று வாரமாவது உறைதல் தடுப்பு மாத்திரை தவறாமல் போட்டிருக்க வேண்டும், அல்லது உணவுக்குழாய் வழியாக எக்கோ எடுத்துக் கட்டி இல்லை என்று பார்க்க வேண்டும். பிறகும் நான்கு வாரமாவது தொடர வேண்டும். அந்த மூன்று வாரத்தில் ஒருவேளை தவறியிருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அப்லேஷனுக்கு அடிப்படை போட்டது 1998-இல் பிரான்சின் போர்தோ நகரில் ஹைஸகேர் குழுவினர் கண்டறிந்த உண்மை: தாறுமாறான கட்டளைகள் பெரும்பாலும் நுரையீரலில் இருந்து இடது மேலறைக்கு வரும் ரத்தக்குழாய்களின் வாயில் இருந்துதான் கிளம்புகின்றன. தொடை வழியாகக் கம்பி போன்ற குழாயை ஏற்றி, அந்த வாயைச் சுற்றிச் சூட்டாலோ குளிராலோ வடு உண்டாக்கி வழியை அடைக்கிறார்கள். நோய் தெரிந்த ஓராண்டுக்குள் தாளத்தை மீட்க முயல்வது பலருக்கு நன்மை தருகிறது என்று 2020-இல் ஓர் ஐரோப்பிய ஆய்வு காட்டியது. அதனால் "இருக்கட்டும், பிறகு பார்க்கலாம்" என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப் போடாதீர்கள். முதல் இரண்டு மூன்று மாதங்களில் படபடப்பு மறுபடி வந்தால் தோல்வி என்று இடிந்துபோக வேண்டாம், புண் ஆறும் காலம் அது. ஆனால் அந்த நாட்களில் காய்ச்சல், விழுங்கும்போது வலி வந்தால் செய்த மருத்துவமனையையே உடனே தொடர்புகொள்ளுங்கள். தாளம் திரும்பிவிட்டாலும் உறைதல் தடுப்பு மாத்திரை தொடருமா என்பதை அந்த மதிப்பெண்தான் தீர்மானிக்கும்.

காபி, குடி, எடை?

பெரும்பாலோருக்குக் காபியை நிறுத்தத் தேவையில்லை. குடித்தால் படபடக்கிறது என்று அவருக்கே தெரிந்தால் குறைக்கலாம். எங்கள் வீட்டில் காலை ஃபில்டர் காபி அப்படியே இருக்கிறது.

குடி வேறு. 2020-இல் ஆஸ்திரேலியாவில் 140 பேரிடம் செய்த ஆய்வில், குடியை நிறுத்தச் சொன்ன குழுவில் 53 சதவீதம் பேருக்கும், வழக்கம்போல் குடித்த குழுவில் 73 சதவீதம் பேருக்கும் நோய் திரும்ப வந்தது. 'அளவாக' என்ற பேச்சை இந்த நோயில் நான் ஏற்கமாட்டேன். எடை குறைவதும் உண்மையிலேயே உதவுகிறது. ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது, தைராய்டு பார்ப்பது எல்லாம் இதன் பகுதிதான்.

குறட்டைக்குத் தனியாக ஒரு வார்த்தை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது இந்த நோயைத் தூண்டும். அது நோயாளிக்குத் தெரியாது. பக்கத்தில் படுத்திருப்பவருக்கு மட்டும்தான் தெரியும். குறட்டை சட்டென்று நின்று, பத்துப் பதினைந்து நொடி அமைதியாகி, பிறகு திணறிக்கொண்டு மூச்சு இழுக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் மருத்துவரிடம் நீங்கள் சொல்லுங்கள். அவர் சொல்லமாட்டார்.

விரதம், நோன்பு, மலை ஏறுவது?

தண்ணீர்கூட இல்லாத விரதம் வேண்டாம். உடலில் நீர் குறைந்தாலே படபடப்பு கிளம்பலாம். ஏகாதசியானாலும் ரமலான் நோன்பானாலும் தவக்காலமானாலும், மாத்திரை நேரத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். மாலை போட்டு மலைக்குப் போகிறவர்கள் ஏறுவதற்கு முன் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ள வேண்டும். பயணத்தில் மாத்திரை கைப்பையில் இருக்கட்டும், பஸ்ஸின் அடியில் போடும் பெட்டியில் வேண்டாம்.

தாம்பத்திய உறவுக்குத் தடை உண்டா?

வாய்விட்டுக் கேட்க எல்லோரும் கூச்சப்படும் கேள்வி. நாடி கட்டுக்குள் இருந்து, இரண்டு மாடி ஏறும்போது நெஞ்சு வலியோ மூச்சுத்திணறலோ இல்லை என்றால் பொதுவாகத் தடையில்லை. சில மாத்திரைகள் ஆர்வத்தைக் குறைக்கலாம். அதை அன்பு குறைந்ததாக எடுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாற்றித் தர வழி இருக்கும். கடையில் தாமாக வாங்கும் மாத்திரைகள் வேண்டாம்.

முன்பெல்லாம் இப்படி இல்லை. எரிந்து விழுகிறார், ஓரமாக உட்கார்ந்துவிடுகிறார்.

இதயம் ஒழுங்காகத் துடிக்காதபோது களைப்பு உண்மையானது. வேகத்தைக் குறைக்கும் மாத்திரைகளும் சோர்வைத் தரும். அதோடு, எப்போது வரும் என்று தெரியாத ஒன்றைச் சுமந்துகொண்டிருக்கிறார். என் கணவர் ஆறு மாதம் திருமண வீடுகளுக்கே வரவில்லை. கூட்டத்தில் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அதைச் சொல்லவும் மாட்டார். நான் அவரை வற்புறுத்தியபோது ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள், "வாசல் பக்கம் கடைசி வரிசையில் உட்காருவோம். நீங்கள் என் கையைத் தொட்டால் எழுந்து வந்துவிடலாம், யாருக்கும் காரணம் சொல்ல வேண்டாம்" என்றேன். வந்தார். இலை எடுக்கும் வரை என் கையைத் தொடவில்லை. சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் அதற்கும் சிகிச்சை உண்டு, சொல்லத் தயங்காதீர்கள். அவருக்கு முடிந்த வேலைகளை அவரிடம் இருந்து பிடுங்காதீர்கள். கடைக்குப் போவதை நான் நிறுத்திய நாட்களில்தான் அவர் அதிகம் நோயாளியாக இருந்தார்.

நான் சில நாள் ஊரில் இல்லாமல் இருக்கலாமா? பயமாக இருக்கிறது.

இருக்கலாம். இருக்கவும் வேண்டும். உங்கள் ரத்த அழுத்தத்தைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? முதல் இரண்டு ஆண்டுகள் நான் ஒரு இரவுகூட வெளியே தங்கவில்லை. என் கண்புரையைக்கூடத் தள்ளிப் போட்டேன்.

போன ஆண்டு மகளின் பிரசவத்திற்காகக் கோயம்புத்தூர் போக வேண்டி வந்தது. மூன்று மாதம். மாத்திரையை மாதக் கணக்கில் வாங்கி வைத்தேன். எதிர்வீட்டுத் தம்பியிடம் ஒரு சாவி கொடுத்து, 108-க்கும் மருத்துவருக்கும் உரிய சீட்டைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டினேன். "போய் வா, மகளைப் பார்த்துக்கொள். காலண்டர் இருக்கிறதே" என்றார். தினமும் இரவு ஒன்பது மணிக்குப் பேசுவோம். பேரப்பிள்ளைக்குப் பால் கொடுத்தாயிற்றா, இங்கே மழை பெய்கிறதா என்று பேசிக்கொண்டே இருப்பார். மாத்திரையைப் பற்றி நான் கேட்டதே இல்லை. பேச்சு முடிந்து போனை வைப்பதற்கு முன், காலண்டர் பக்கத்தில் போய் நிற்பார். 'சர்ர்' என்று தாள் கிழியும் சத்தம் கேட்கும். "சரி, நீ தூங்கு" என்பார்.